பேஸ் கிட்டாருக்கு எத்தனை வாட் வேண்டும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்குவது பற்றியவைதான் அதிகம். நான் மேடையில் வாசிப்பதும் பேஸ்தான் என்பதால், முழுப் பகுதியையும் அதற்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வணக்கம். என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். ஆசைப்பட்டாளே என்று நான்கு கம்பி பேஸ் கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் அவள் அண்ணனின் 10 வாட் கிட்டார் ஆம்ப் இருக்கிறது. அதில் செருகினால் கரகரவென்று வருகிறது, கீழ்ச்சுரங்கள் கேட்பதே இல்லை. கடையில் கேட்டால், “வாங்குவதுதான் வாங்குகிறீர்கள், 500 வாட்டாக வாங்கிவிடுங்கள்” என்கிறார்கள். எங்களுடையது நான்கறை வீவக வீடு. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. 600 வெள்ளிக்குள் எதை வாங்கலாம்?
- ஒரு தந்தை, செங்காங்

பதில்: வணக்கம் ஐயா. முதலில் அந்த கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பியான E, நொடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸின் E கம்பி அதில் பாதி, 41 முறைதான். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தம் தர ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கிட்டாருக்கென்று செய்த சிறிய ஸ்பீக்கரால் அது முடியாது. நீங்கள் கேட்கும் கரகரப்பு அந்தத் திணறல்தான். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கூம்பு கிழிந்துவிடும்.

அடுத்து, அந்த 500 வாட். வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு மடங்கு வாட் கூட்டுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்ற அளவில்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் எல்லாரும் வாட்டைக் கேட்கிறார்கள், ஸ்பீக்கரைக் கேட்பதில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு ஸ்பீக்கருக்கு உண்டு. 94 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் 400 வாட் கொடுத்துக் கிடைக்கும் சத்தத்தை, 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 100 வாட்டிலேயே தந்துவிடும். பணத்தைப் போடுவதானால் நல்ல ஸ்பீக்கரிலும் அது உட்காரும் பெட்டியிலும் போடுங்கள் என்று கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

சரி, உங்கள் மகளுக்கு என்ன வேண்டும்? 25 முதல் 40 வாட் வரை, 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் துளை. வீட்டுக்கு இவ்வளவு போதும். என் தேர்வு ஃபெண்டர் ரம்பிள் 40. பத்து அங்குல ஸ்பீக்கர், எடை எட்டு கிலோ சொச்சம். பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்க ஒரு துளை இருக்கிறது. மேடையில் ஒலிக்கலவைக் கருவிக்கு நேரே இணைக்கும் துளையும் இருக்கிறது. இதற்கு ஒரு படி கீழே உள்ள ரம்பிள் 25இல் இந்தக் கடைசி வசதி இல்லை. பள்ளி நிகழ்ச்சிகளில் அவள் வாசிக்கப் போகிறாள் என்றால் 40ஐயே எடுங்கள். உங்கள் தொகைக்குள் முடிந்துவிடும்; மிச்சத்தில் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் வாங்கலாம். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மாலை நேரத்தில் அவளுடைய உண்மையான ஆம்ப் அதுதான்.

கீழ்வீட்டைப் பற்றி யோசித்திருக்கிறீர்களே, மனத்துக்கு நிறைவாக இருந்தது. கீழ்ச்சுரத்தை அடைப்பது கடினம். 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கு மேல். கதவை மூடுவதாலோ திரை போடுவதாலோ அது நின்றுவிடாது. ஆம்பைத் தரையில் வைத்தால் அதிர்வு தளத்தில் இறங்கி, குழந்தை தூங்கும் அறையின் கூரைக்கே போகும். ஒரு நாற்காலியிலோ தாங்கியிலோ தடித்த நுரைப்பலகை போட்டு, அதன் மேல் ஆம்பை வையுங்கள். மூலையில் வைக்க வேண்டாம். இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து அடித்தொனியை ஊதிப் பெரிதாக்கும்.

இன்னொன்றும் உண்டு. படுக்கையறையின் ஒரு பக்கம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்துக்கு அறை தானாகவே ஒத்து அதிரும் அதிர்வெண் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். பேஸின் A கம்பி 55. அதனால் A கம்பியைத் தட்டும்போது மட்டும் வீடே முழங்குவதுபோல் இருக்கும், மற்ற சுரங்கள் மெலிந்து கேட்கும். உங்கள் மகள் தன் விரலையோ கிட்டாரையோ குறை சொல்லக்கூடும். காரணம் அறைதான் என்று சொல்லிவையுங்கள். ஆம்பை அரை மீட்டர் நகர்த்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கடைக்குப் போகும்போது அவளையும் அவள் பேஸையும் அழைத்துப் போங்கள். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் போனால் ஒரே நடையில் சில கடைகளைப் பார்த்துவிடலாம். குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, வீட்டில் வாசிக்கும் அதே தாழ்ந்த சத்தத்தில், தெரிந்த ஒரே பாட்டை ஒவ்வொன்றிலும் வாசிக்கச் சொல்லுங்கள். விற்பனையாளர் சத்தத்தைக் கூட்டிக் காட்டுவார், எல்லா ஆம்பும் அப்போது நன்றாகத்தான் இருக்கும். குறைந்த சத்தத்தில் சுரங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கிற ஆம்ப் எதுவோ, அதை எடுங்கள்.

கேள்வி: பேஸுக்கு 15 அங்குல ஸ்பீக்கர்தான் சரி, 10 அங்குலத்தில் ஆழம் வராது என்கிறார்களே?
- வாசகர், ஈசூன்

பதில்: அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 1952இல் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கரோடு வந்தது உண்மைதான். ஆனால் ராக் மேடைகளை ஆண்ட ஆம்பெக் எஸ்விடி, 1969இல் 300 வாட் வால்வு ஆம்பாக வந்தபோது, அதற்குத் துணையாக நின்றவை எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டிகள். அந்தப் பெட்டி 41 ஹெர்ட்ஸை அவ்வளவு பலமாகத் தருவதும் இல்லை. 82, 123 ஹெர்ட்ஸில் வரும் மேல் அதிர்வுகளைக் கேட்டே நம் காது அடிச்சுரத்தை உணர்ந்துகொள்கிறது. பெட்டியின் கொள்ளளவு, அதன் துளை, கூம்பு எவ்வளவு தூரம் அசையும் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன.

கேள்வி: அண்ணே, என்னிடம் ஒரு ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) இருக்கிறது. பின்னால் ‘குறைந்தது 4 ஓம்’ என்று போட்டிருக்கிறது. இப்போது 8 ஓம், ஒற்றை 12 அங்குலப் பெட்டி வைத்திருக்கிறேன். நண்பன் தன்னுடைய 4 ஓம், நான்கு 10 அங்குலப் பெட்டியைச் சும்மாவே தருகிறான். இரண்டையும் சேர்த்துப் போடலாமா?
- தேசியச் சேவையாளர், புக்கிட் பாத்தோக்

பதில்: சேர்த்துப் போடாதீர்கள் தம்பி. ஹெட்டின் பின்னால் உள்ள இரண்டு துளைகளும் பொதுவாகப் பக்க இணைப்பில்தான் இருக்கும். 8 ஓமும் 4 ஓமும் அப்படிச் சேர்ந்தால் மின்தடை கூடாது, குறையும்; மொத்தம் 2.67 ஓம். உங்கள் ஹெட்டின் எல்லை 4. அதற்குக் கீழே போனால் மின்னோட்டம் கூடி ஹெட் சூடாகும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் பாட்டின் நடுவில் அணைந்துபோகும், இல்லாவிட்டால் எரிந்துபோகும்.

ஹெட் தாங்கினாலும் பங்கீடு சரியாக வராது. 4 ஓம் பெட்டி இரண்டு பங்கு மின்சக்தியை இழுக்கும், 8 ஓம் பெட்டி ஒரு பங்கு. ஆனால் அந்த இரண்டு பங்கை நான்கு ஸ்பீக்கர்கள் பகிர்ந்துகொள்ளும், உங்கள் 12 அங்குலமோ தன் பங்கைத் தனியாகச் சுமக்கும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 10 அங்குலத்துக்கும் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு அதற்குப் போகிறது. முதலில் களைத்துப்போவது அதுதான்.

நண்பர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள், தனியாகப் பயன்படுத்துங்கள். 4 ஓமில் உங்கள் ஹெட் தன் முழு சக்தியையும் தரும். பெரிய மேடைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஒத்திகைக்கு 12 அங்குலம் போதும். மின்தூக்கியிலும் டாக்சியிலும் ஏற்ற அதுவே வசதி. பிற்பாடு இரண்டு பெட்டி வேண்டும் என்றால், இப்போது உள்ளதைப் போலவே இன்னொரு 8 ஓம் 12 அங்குலத்தை வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து சரியாக 4 ஓம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் பெட்டி உங்கள் காதுக்கு அருகில் வரும்.

கேபிளையும் பாருங்கள். கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளை ஹெட்டிலிருந்து பெட்டிக்குப் போடுகிறவர்களை ஒத்திகை அறைகளில் இன்னும் பார்க்கிறேன். முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடுவது மெல்லிய கம்பி. அது சூடாகி உருகினால் ஹெட்டும் போகலாம். ஸ்பீக்கருக்கென்று உள்ள தடித்த கேபிளை வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கான் துளை இருந்தால் அதுவே மேல். திருகிப் பூட்டிவிடலாம், யாராவது தடுக்கினாலும் கழன்று வராது.

கேள்வி: என் மாமா அமெரிக்காவிலிருந்து பேஸ் ஆம்ப் கொண்டுவந்திருக்கிறார். அடாப்டர் போட்டு இங்கே செருகலாமா?
- மாணவர், ஜூரோங்

பதில்: பின்தகட்டைப் படிக்காமல் செருகாதீர்கள். ‘100–240’ என்று இருந்தால் நம் மூன்று முள் பிளக் கொண்ட கம்பியை மட்டும் மாற்றினால் போதும். ‘120’ என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட் அதைக் கெடுத்துவிடும். அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தைக் குறைக்காது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். அது தாங்கும் வாட், ஆம்ப் இழுக்கும் வாட்டைவிடத் தாராளமாக இருக்கட்டும். தகட்டில் 60 ஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருக்கிறது என்றால், மின்மாற்றி வாங்கும் முன் ஆம்பை ஒரு மின்னணுப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை மின்மாற்றி உள்ள ஆம்ப் கூடுதலாகச் சூடாகும்.

கேள்வி: சமூக மன்ற நிகழ்ச்சிகளிலும் திருமணங்களிலும் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறேன். ஒலியமைப்பாளர்கள் “ஆம்ப் வேண்டாம்மா, டிஐ போதும்” என்கிறார்கள். ஆனால் மேடையில் என் சத்தம் எனக்கே கேட்பதில்லை. தபேலாவும் டோலக்கும் சேர்ந்தால் நான் காணாமல் போய்விடுகிறேன். பெரிய ஆம்ப் வாங்கட்டுமா?
- பேஸ் வாசிப்பவர், தெம்பனிஸ்

பதில்: பெரியது வேண்டாம். அவர்கள் டிஐ, அதாவது கிட்டாரை ஒலிக்கலவைக் கருவியோடு இணைக்கும் சிறு பெட்டி, கேட்பது நியாயமே. உங்கள் கிட்டாரின் மெல்லிய சமிக்ஞை மண்டபத்தின் கோடி வரை நீளமான கேபிளில் இரைச்சல் சேராமல் போவதற்கு அந்தச் சிறு பெட்டி வேண்டும். மண்டபத்துக்குச் சத்தம் தருவது அவர்கள் ஸ்பீக்கர்களின் வேலை. உங்கள் ஆம்ப் உங்கள் காதுக்கு மட்டும்.

ஆகவே 12 அங்குலத்தில், 100 வாட் அளவில், டிஐ வெளியீடு உள்ள ஒரு சிறிய ஆம்ப் எடுங்கள். அதைத் தரையில் நேராக நிறுத்தினால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். பின்னால் சாய்த்து முகத்தைப் பார்க்க வையுங்கள், அல்லது நாற்காலியில் ஏற்றுங்கள். இது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

கேட்கவில்லை என்றதும் எல்லாரும் பேஸ் குமிழைத்தான் திருப்புகிறார்கள். தபேலாவின் இடக்கையும் டோலக்கும் ஏற்கெனவே அந்தக் கீழ்ப்பகுதியில்தான் முழங்குகின்றன. நீங்களும் அங்கேயே போனால் குழம்பு மாதிரி எல்லாம் கலந்துபோகும். பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து, நடு அதிர்வெண்களை, 400 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலானதை, கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், குழுவோடு சேர்ந்ததும் ஒவ்வொரு சுரமும் தெளிவாக வரும்.

ஆம்பின் பின்னால் டிஐ துளைக்குப் பக்கத்தில் ‘ப்ரீ’, ‘போஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருந்தால் ‘ப்ரீ’யில் வையுங்கள். அப்போதுதான் நீங்கள் உங்களுக்காகச் செய்யும் மாற்றம் மண்டபத்துக்குப் போகாது, ஒலியமைப்பாளரும் உங்களோடு ஒத்துழைப்பார். உம்ம்ம் என்று இரைச்சல் வந்தால் டிஐயில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிளக்கின் நில இணைப்பில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய், தபேலாக்காரரையும் உட்காரவைத்து இருவருமாகச் சேர்ந்து ஒலிச்சோதனை செய்யக் கேளுங்கள். தனித்தனியாகச் செய்த சோதனை மேடையில் உதவாது.