மொனிட்டரில் தயங்கி நகரும் சுட்டி

கேள்வி: பம்பலப்பிட்டியில் வாங்கிய 27 அங்குல 4கே மொனிட்டரை என் பழைய மடிக்கணினியுடன் எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்துள்ளேன். படம் தெளிவாகத் தெரிந்தாலும் மவுஸின் சுட்டி தயங்கித் தயங்கியே நகர்கிறது. இடையிடையே திரை இரண்டு விநாடி கறுத்து மீள்கிறது. மொனிட்டர் பழுதா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: மொனிட்டரைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள எச்டிஎம்ஐ 1.4 வகை இணைப்பு 4கே (3840 x 2160 புள்ளிகள்) படத்தை விநாடிக்கு 30 தடவை மட்டுமே புதுப்பிக்கும் என்பதால், திரைப்படம் பார்க்கும்போது புலப்படாத தயக்கம் சுட்டியை நகர்த்தும்போது உடனே கண்ணை உறுத்தும். விண்டோஸில் டிஸ்பிளே அமைப்பின் மேம்பட்ட பகுதிக்குச் சென்று புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். அங்கே 30 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 30 தடவை) என்றிருந்து, 60 தெரிவாகவே வராவிட்டால், தடை பெரும்பாலும் மடிக்கணினியின் துளையில்தான் இருக்கும். விலையுயர்ந்த கேபிள் வாங்கியும் பயனில்லை. அப்போது தெளிவுத்திறனை 1920 x 1080 ஆகக் குறைத்தால் 60 கிடைக்கும், எழுத்தின் கூர்மை மட்டும் சற்றுக் குறையும். டைப் சி துளை இருந்து, அதனருகே படத்தையும் கடத்தும் இணைப்பு வகைகளான தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்பிளேபோர்ட்டின் குறியோ காணப்பட்டால், அதன்வழி இணைப்பதே மேல். ஆனால் கைத்தொலைபேசி சார்ஜருடன் வரும் டைப் சி கேபிள் பெரும்பாலும் படத்தைக் கடத்தாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

திரை கறுப்பதற்குப் பெரும்பாலும் தளர்ந்த அல்லது மிக நீண்ட கேபிளே காரணமாகும். 2 மீற்றருக்கு உட்பட்ட வேறொன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதித்த பின்னர் கடைக்குச் செல்லுங்கள்.