பாட்டிக்கும் பேரனுக்கும் கிரியேட்டினின் 1.1: இரண்டும் நார்மலா?

கேள்வி இதுதான்: பாலக்கோட்டில் ஒரே லேபில் 25 வயதுப் பேரனுக்கும் 72 வயதுப் பாட்டிக்கும் ரத்தம் எடுத்தார்கள். இருவருக்கும் கிரியேட்டினின் 1.1. அப்படியானால் இருவர் கிட்னியும் ஒரே நிலையா?

இல்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ராகி மூட்டையைத் தனியாளாகத் தூக்கி டெம்போவில் ஏற்றுகிற பேரனுக்கு 1.1 சாதாரணம். பாட்டியின் வளையலோ முழங்கை வரை ஏறுகிறது. அந்த மெலிந்த உடம்பில் கழிவே கொஞ்சம்தான் உண்டாகும். அதுவே 1.1 வரை தேங்குகிறது என்றால் வடிகட்டும் வேகம் குறைந்திருக்கிறது. கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்து, கிட்னி வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் எண்தான் இஜிஎஃப்ஆர் (eGFR). அது பேரனுக்குச் சுமார் 95, பாட்டிக்குச் சுமார் 53.

நாற்பதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 வீதம் இந்த எண் இறங்குவது வழக்கம். சின்னப் பிள்ளைகளுக்கோ கிரியேட்டினின் 0.3, 0.4 இருப்பதுதான் இயல்பு. 4 வயதுக் குழந்தைக்கு 1.1 என்றால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். லேப் தாளில் அச்சடித்த அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. பாதிக் குழப்பம் அங்கேதான்.

சரி, 53-ஐப் பார்த்துப் பாட்டியைப் பயமுறுத்த வேண்டாம். 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். மாந்தோப்பு வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றாலும், முந்தின நாள் கறிச்சோறு பலமாக இருந்தாலும் கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும். அப்புறம், சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டும் எடுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.