கதவுக்கு வெளியே நின்ற குழந்தை

கேள்வி: என் அம்மா குழந்தைகளுக்குக் கதை எழுதுபவர். அவருடைய பிரபலமான தொடரில் வரும் சிறுமி நான்தான். என் செல்லப்பெயர், முன்பல் விழுந்தது, இருட்டைக் கண்டு பயந்தது எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் நான் உடையை நனைத்துக்கொண்டதும் ஒரு கதையாக வந்தது. ஐந்தாம் வகுப்பு வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மா எழுதும்போது அறைக்கதவு சாத்தியிருக்கும். உள்ளே என்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்பார், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். இப்போது எனக்கு 36 வயது. புதிதாகச் சந்திப்பவர்கள்கூட “அந்தப் பாப்பா நீங்கதானா?” என்கிறார்கள். தொடரின் 30ஆம் ஆண்டுப் பதிப்புக்கு என்னிடம் முன்னுரை கேட்கிறார் அம்மா. அதைவிடப் பெரிய கவலை, என் நான்கு வயது மகள் பேசுவதையெல்லாம் இப்போது ஒரு நோட்டில் குறித்துவைக்கிறார். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. எத்தனையோ குழந்தைகள் நேசிக்கும் ஒருவரிடம் கோபப்படும் நான் நன்றி கெட்டவளா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தச் செல்லப்பெயர் இருந்தது, தொடரின் பெயரும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே வெளியிட்டிருக்கிறேன். உங்களைப் பற்றி அச்சில் வந்தது போதும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. அம்மாவின் எழுத்தைப் பார்த்துப் பெருமைப்படலாம், அதே அம்மா உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதை நினைத்து வருத்தமும் படலாம். ஒரே மனதில் இரண்டுக்கும் இடம் உண்டு.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த முதல் நாள் சம்பவம் யாரையும் சங்கடப்படுத்தும். ஆனால் எனக்குத் தைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த அந்த ஒரு வரி: கதவு சாத்தியிருக்கும், உள்ளே அம்மா உங்களைப் பற்றி எழுதுவார், வெளியே நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். காகிதத்தில் இருந்த குழந்தைக்கு அம்மாவின் முழு நேரமும் கிடைத்தது. வாசலில் இருந்த குழந்தை காத்துக்கொண்டிருந்தது. உங்கள் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதே வலியை உங்களுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ‘வின்னி த பூ’ கரடிக் கதைகளில் வரும் சிறுவன் கிறிஸ்டோபர் ராபின், எழுத்தாளர் ஏ. ஏ. மில்னின் சொந்த மகன். 1920இல் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது, 1926இல், முதல் கதைப் புத்தகம் வந்தது. பெயரை மாற்றக்கூட இல்லை, மகனின் பெயரையே அப்பா வைத்துவிட்டார். வீட்டில் அவரை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் விசேஷம். வீட்டுக்கு அவர் பில்லி மூன். மில்ன் என்ற குடும்பப் பெயரைச் சின்ன வயதில் சரியாகச் சொல்ல வராமல் மூன் என்று சொன்னதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆக, ஊருக்கு ஒரு பையன், வீட்டுக்கு ஒரு பையன். உங்கள் விஷயத்தில் வீட்டுக்குள் கூப்பிடும் பெயரே வெளியே போய்விட்டது. அந்த வகையில் உங்களுக்கு அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பறிபோயிருக்கிறது.

படுக்கும் முன் அந்தச் சிறுவன் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வதாக அப்பா எழுதிய ஒரு பாட்டு இசைத்தட்டாக வந்தது. விடுதிப் பள்ளியில் பக்கத்து அறைப் பையன்கள் அந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அவரைச் சீண்டினார்கள். ஒரு கட்டத்தில் அவர்களுக்கே அலுத்துப்போய் தட்டை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் அதைச் சுக்குநூறாக உடைத்து, தூரத்தில் இருந்த ஒரு வயலில் தூவிவிட்டு வந்தார். அந்த வயலுக்கு அவர் நடந்துபோனதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். குப்பையில் போட்டிருக்கலாம், பக்கத்திலேயே எங்காவது எறிந்திருக்கலாம். தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது அவருக்கு.

பெரியவரான பிறகு, வேலை கிடைக்காமல் அலைந்த காலத்தில், அப்பா தன் பிஞ்சுத் தோள்மேல் ஏறித்தான் உயரத்துக்குப் போனார் என்று அவருக்குத் தோன்றியது. 1974இல், ஐம்பது தாண்டிய வயதில், தன் சிறுவயதைத் தானே புத்தகமாக எழுதியபோது இதை ஒளிக்காமல் சொன்னார். அதே புத்தகத்தில் இன்னொன்றும் சொன்னார்: குழந்தைகளோடு பழகுவது சிலருக்குக் கைவரும், சிலருக்கு வராது, அப்பாவுக்கு அது வரவில்லை, மகனோடு விளையாட முடியாத ஏக்கத்தைத்தான் மகனைப் பற்றி எழுதித் தீர்த்துக்கொண்டார். உங்கள் வீட்டுக் கதவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு உங்கள்மேல் அன்பு இல்லாமல் இல்லை. அந்த அன்புக்குக் காகிதத்தின் வழியாகத்தான் வரத் தெரிந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் உடனே மன்னித்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம்மிடம் ஏதோ குறை இருந்ததால்தான் கதவு சாத்தியிருந்தது என்று அந்தக் குழந்தை உள்ளுக்குள் நினைத்திருக்கும். அந்த நினைப்பையாவது இறக்கி வைக்கலாம்.

என் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் என் மகனைப் பற்றி அடிக்கடி எழுதியிருக்கிறேன். வாசகர்களுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அவனுக்கு ஒன்பது வயதிருக்கும், ஒரு நாள் ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டு, “இத எழுதுவியாம்மா?” என்று கேட்டான். எழுத மாட்டேன் என்றேன். சரி என்றான். ஆனால் மீதியைச் சொல்லவே இல்லை. அது என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதோடு அவனைப் பற்றி எழுதுவதை நிறுத்தினேன். இப்போது இந்த நாலு வரிக்கும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு எழுத்தாளர் இதில் எதை இழக்கிறார் என்பதை உங்கள் அம்மா பக்கத்தில் நின்றவளாகத்தான் சொல்கிறேன்.

அதனால்தான் முன்னுரையைவிட அந்த நோட்டு எனக்கு அவசரமாகப் படுகிறது. உங்கள் வருத்தத்தைப் பற்றி ஆறுமாதம் யோசிக்கலாம். மகள் விஷயத்தில் இந்த வாரமே பேசுங்கள். நீளமாக வேண்டாம், பழைய கணக்கையும் அதில் கலக்க வேண்டாம். “அம்மா, இவ சொல்றத எழுதாதம்மா. அவளுக்கே விவரம் தெரியட்டும், அப்ப அவளக் கேட்டுக்கோ.” இவ்வளவுதான். “நான் ஆசையாத்தானே எழுதறேன்?” என்று கேட்பார். “ஆசையாத்தான் எழுதற. எனக்கு அது கஷ்டமா இருந்துச்சும்மா” என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பேச்சு விவாதமாகிவிடும். வார்த்தைகளில் அவரை வெல்வது கடினம், அவர் தொழிலே அது.

குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்பது உங்கள் கற்பனை இல்லை. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 12ஆவது பிரிவு, குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 16ஆவது பிரிவு அதன் அந்தரங்கத்தைக் காக்கச் சொல்கிறது. இதை அம்மாவிடம் சட்டமாக எடுத்து வீச வேண்டாம். நமக்குத்தான் ரொம்பத் தொட்டாச்சிணுங்கி மனசோ என்று தோன்றும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுதவே கூடாது என்றால் பாட்டி மனம் உடைந்துவிடுவார் என்று நீங்கள் பயப்படலாம். பேத்தியின் அன்றாடத்தை விட்டுவிட்டு, ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். 1941இல் ஸ்வீடனில் நிமோனியாவோடு படுத்திருந்த ஏழு வயதுச் சிறுமி கரின், பிப்பி லாங்ஸ்டாக்கிங் கதை சொல்லு என்று அம்மாவைக் கேட்டாள். அந்த நிமிடத்தில் அவள் வாயில் வந்த பெயர் அது. அம்மா ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் யார் என்னவென்று கேட்காமல், விசித்திரமான அந்தப் பெயருக்கு ஏற்ற விசித்திரமான ஒரு பெண்ணைக் கற்பனை செய்தார். குதிரையைத் தூக்குகிறவள், தனியாக வாழ்கிறவள். 1944இல் கரினின் பத்தாவது பிறந்தநாளுக்கு அது கையெழுத்துப் பிரதியாக வந்தது, 1945இல் புத்தகமானது. பெயர் மகள் கொடுத்தது, ஆனால் அவளுடைய காய்ச்சலோ அழுகையோ கதையில் இல்லை. பிப்பியை யார் கேலி செய்தாலும் அது கரின்மேல் விழாது. தாமஸ் ரயில் கதைகளும் அப்படித்தான். 1940களில் தட்டம்மையோடு படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்காக வில்பர்ட் ஆட்ரி சொல்ல ஆரம்பித்தவை அவை. முகம் என்ஜின்களுக்குத்தான் கிடைத்தது, மகனுக்கு இல்லை. அந்த மகன் வளர்ந்து 1983 முதல் அந்தத் தொடரைத் தானே எழுதினார்.

சரி, முன்னுரை. எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். “நான் எழுதலம்மா” என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுப்பார்க்கலாம் என்பது என் எண்ணம்: அந்த முதல் நாள் கதையைப் புதிய பதிப்பில் விட்டுவிட முடியுமா? புதிதாக அச்சுக்குப் போகும்போது எழுத்தாளர் ஒரு கதையை எடுத்துவிடச் சொல்வதும் திருத்துவதும் நடக்கிற விஷயம்தான். 30 வருடத்தில் உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இந்த முறை நீங்கள் கேளுங்கள். பழைய பிரதிகள் எங்கெங்கோ இருக்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அம்மா தன் கையால் அதை அடித்து நீக்கினார் என்பது உங்களுக்கு எந்த முன்னுரையைவிடவும் பெரிது. முடியாது என்று அவர் சொன்னால், முன்னுரை பற்றிய முடிவும் உங்களுக்குச் சுலபமாகிவிடும்.

இன்னொரு காரியம், இது உங்களுக்கு மட்டும். ஒரு பிரதியை எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். நடந்ததன் கீழே ஒரு கோடு, அம்மா சேர்த்ததன் கீழே இரண்டு கோடு. உங்கள் நினைவு எது, படித்துப் படித்து நினைவு மாதிரி ஆனது எது என்று குழம்பும் இடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள் நிறைய விழும், பயப்படாதீர்கள். அப்புறம் கடைசிப் பக்கத்தில், கதையில் வராதவற்றை எழுதுங்கள். அந்த நனைந்த உடையோடு வீட்டுக்கு எப்படி வந்தீர்கள்? யார் மாற்றிவிட்டார்கள்? அன்றைக்கு ராத்திரி தூங்கினீர்களா? கடிதத்தில் இது எதுவும் இல்லை, கதையிலும் இருக்காது என்று நினைக்கிறேன். மில்னின் மகனும் ஒருவகையில் இதைத்தான் செய்தார். எழுதி முடித்தபோது, அப்பாவையும் அந்தக் கதைப் பையனையும் வெயிலில் நேருக்கு நேர் பார்க்க முடிந்ததாகச் சொன்னார். அதற்கு முன்பே, 1951இல், மனைவியோடு ஒரு புத்தகக் கடையும் திறந்திருந்தார். பூ கரடியைத் தேடி அங்கேயும் ஆட்கள் வருவார்கள் என்று தெரிந்தேதான்.

“அந்தப் பாப்பா நீங்கதானா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். “அது அம்மா உருவாக்கின பாப்பா” என்று சொல்லி, உங்கள் முழுப்பெயரைச் சொல்லிக் கையை நீட்டுங்கள். பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுவார்கள். அவர்களுக்கும் உங்களைப் புண்படுத்தும் எண்ணம் இல்லை, தங்கள் சிறுவயதில் பார்த்த ஒருத்தியைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அதே கேள்வியை உங்கள் மகளும் சீக்கிரம் கேட்பாள். பாட்டி மடியில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டு ஓடிவந்து, “இது நீயாம்மா?” என்பாள். இல்லை என்று மறுக்காதீர்கள். பாதி நான், பாதி பாட்டி என்று சொல்லுங்கள். எந்தப் பாதி என்று கேட்பாள். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பென்சில் கோடுகளைப் பார்த்து, நீங்கள் சொல்ல விரும்புவதை மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள்.