உண்மைக்கு வக்காலத்து எதற்கு?

கேள்வி: கறுப்பை வெள்ளையாகக் காட்டும் வித்தையைத்தானே கிரேக்கர்கள் பேச்சுக்கலை என்று பெயர் வைத்து, காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தார்கள்? உண்மைக்கு அலங்காரம் எதற்கு? சாக்ரடீஸ் அந்தப் பக்கமே போகாமல் உயிரை விட்டார். இதற்குப் போய் ஒரு நூல் எழுதிய அரிஸ்டாட்டிலை எப்படி ஞானி என்கிறீர்கள்?

பதில்: இதே கேள்வியை கி.மு. 427-இல் ஏதென்ஸ் மக்கள் சபையில் கிளியோன் என்பவர் ஏறக்குறைய இதே தொனியில் கேட்டுவிட்டார். எதற்காகக் கேட்டார் என்று தெரிந்தால் அவர் பக்கத்தில் நிற்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

லெஸ்போஸ் தீவில் உள்ள மிட்டிலீன் நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்து, தோற்று, சரணடைந்திருந்தது. கோபத்தில் கொதித்துப்போயிருந்த சபை, அந்த ஊரில் வயதுவந்த ஆண்கள் அத்தனை பேரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று தீர்மானம் போட்டு, உத்தரவோடு ஒரு போர்க்கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் பலருக்கு மனசு உறுத்தவே சபை மறுபடி கூடியது. அப்போது எழுந்தார் கிளியோன். நாடகம் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்து பேச்சை ரசிக்கிறீர்கள், கெட்டிக்காரப் பேச்சாளர்களிடம் ஏமாறுகிறீர்கள், புத்திசாலிகளைவிடச் சாதாரண ஆட்கள்தான் நாட்டை ஒழுங்காக நடத்துவார்கள், நேற்று எடுத்த முடிவில் நில்லுங்கள் என்றார். இதைப் பதிவு செய்த கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், அன்றைய ஏதென்ஸில் ஜனங்களை வசப்படுத்துவதில் கிளியோனை மிஞ்ச ஆளில்லை என்றும் எழுதியிருக்கிறார். பேச்சை நம்பாதே என்று ஊரை நம்பவைத்தவர், ஊரிலேயே பெரிய பேச்சாளர்! நம் ஊர் மேடைகளிலும் "எனக்குப் பேசத் தெரியாது" என்று தொடங்கி ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவருக்குப் பதில் சொன்னவர் டயோடோட்டஸ். வரலாற்றில் இந்த ஒரு விவாதத்தைத் தவிர அவரைப் பற்றி நமக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் கண்ணீர் விடவில்லை, கருணை காட்டுங்கள் என்று கெஞ்சவும் இல்லை, ஏனென்றால் கோபமாக இருக்கும் கூட்டத்திடம் கருணை பேசினால் எடுபடாது என்று தெரிந்தவர். அவர் போட்டது லாபக் கணக்கு. சரணடைந்தாலும் சாவுதான் என்றால், நாளைக்குக் கலகம் செய்கிற ஊர் கடைசி ஆள் வரை சண்டை போடும். முற்றுகைச் செலவு உங்கள் தலையில் விழும். கடைசியில் கையில் கிடைப்பது பாழடைந்த ஊர், அதிலிருந்து கப்பம் எங்கே வரும்? கையைத் தூக்கி எண்ணியபோது இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், டயோடோட்டஸ் மயிரிழையில் ஜெயித்தார். உடனே இரண்டாவது கப்பல் கிளம்பியது. முதல் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முன்னால் போயிருந்தது. துடுப்புக்காரர்கள் ஒயினிலும் எண்ணெயிலும் பிசைந்த பார்லி மாவைத் துடுப்புப் போட்டபடியே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள். மரண உத்தரவைத் தளபதி படித்து முடித்து, நிறைவேற்றப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்புறமும் கொன்றார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஊர் பிழைத்தது. உங்கள் அலங்காரமில்லாத உண்மை முந்தின நாளும் சபையில் இருந்தது, டயோடோட்டஸ் அன்றைக்கும் எதிர்த்துத்தான் பேசியிருந்தார், சபை கேட்கவில்லை.

சாக்ரடீஸுக்கு வருகிறேன். தன் விசாரணையில் அவர், எனக்கு நீதிமன்றப் பேச்சு வராது, இந்த வயதில் முதல்தடவையாக இங்கே வந்திருக்கிறேன் என்றுதான் ஆரம்பிக்கிறார். அது ஏதென்ஸ் வழக்குப் பேச்சுகளில் சகஜமான ஆரம்பம், பழகின காதுகளுக்கு உடனே தெரியும். தீர்ப்பு வந்ததும், முப்பது ஓட்டு இடம் மாறியிருந்தால் தப்பித்திருப்பேன் என்று அவரே சொல்வதாக அவருடைய சீடர் பிளேட்டோ எழுதுகிறார். அந்த பிளேட்டோதான் பேச்சுக்கலையைச் சமையலோடு சேர்த்து, வாய்க்கு ருசி, உடம்புக்கு நல்லதில்லை என்று திட்டியவர். திட்டியதும் எவ்வளவு அழகான பேச்சில்!

அடுத்து, அந்த ஊர் நீதிமன்றம் எப்படி நடந்தது என்பதை நீங்கள் யோசிக்கவே இல்லை. உங்களுக்காக வாதாட வக்கீல் கிடையாது. சட்டம் விளக்க நீதிபதி கிடையாது. எதிரே நடுவர்களாக 201 பேரோ 501 பேரோ, தங்களுக்குள் கலந்து பேசாமல் ஓட்டுப் போடுவார்கள், உங்கள் நேரத்தை அளக்க ஒரு பானையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். வழக்கு உங்களுடையது என்றால் வாயும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பேச வராதவர்கள் லைசியாஸ் மாதிரி எழுதிக் கொடுப்பவர்களிடம் போவார்கள். அவர் பெயரில் உள்ள பேச்சுகளில் ஒன்று ஊனமுற்ற ஒரு சின்னத் தொழில்காரருக்காக எழுதியது. நாளுக்கு ஓர் ஓபல் (சின்ன கிரேக்க நாணயம்) உதவித்தொகையை நிறுத்தச் சொல்லி ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார், இவன் குதிரை ஏறுகிறான், திடமாக இருக்கிறான் என்று. அதற்கு அந்த மனிதர் கவுன்சில் முன்னால் சொல்கிறார்: வசதி இருந்தால் சொந்தமாகக் கோவேறு கழுதை வாங்கிச் சொகுசாகப் போவேன், இல்லாததால் அடுத்தவர் குதிரையை இரவல் கேட்கிறேன், மற்றவர்கள் ஒரு கோல் ஊன்றும்போது நான் இரண்டு ஊன்றுகிறேனே, அதையும் திடத்துக்குச் சாட்சி என்று சொல்ல வேண்டியதுதானே? இதை அலங்காரம் என்று தள்ளினால் அந்த ஓர் ஓபலை யார் கொடுப்பார்கள்?

பேச்சுக்கலை பற்றி அரிஸ்டாட்டில் எழுதிய 'ரெட்டரிக்' நூலின் தொடக்கத்திலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. உண்மைக்கும் நியாயத்துக்கும் இயல்பிலேயே பலம் அதிகம், அப்படியிருந்தும் தோற்றால் தப்பு பேசினவர்கள் பேரில்தான் என்கிறார். கைகால்களால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதது அவமானம் என்றால் பேச்சால் முடியாதது எப்படி அவமானமில்லாமல் போகும் என்றும் கேட்கிறார். கெட்டவன் கையில் போனால் கெடுதல்தான், அது உடல் பலத்துக்கும் பணத்துக்கும் படை நடத்துவதற்கும் கூடத்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

படிக்காமல் திட்டியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது, பரவாயில்லை, அந்த நூலின் இரண்டாம் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள். மனிதனுக்குக் கோபம் யார்மேல், எந்த நிலையில், எதற்காக வருகிறது என்று பிரித்துப் பிரித்து எழுதியிருக்கிறார். நம் பெயரை ஒருவர் மறந்துவிட்டால்கூட வருமாம், நம்மைப் பொருட்டாக மதிக்கவில்லை என்று தோன்றுவதால். அது பேசுகிறவனுக்கு எவ்வளவு உபயோகமோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அவ்வளவு உபயோகம். மேடையில் இருப்பவர் "உங்களை அவமானப்படுத்திவிட்டார்கள்" என்று மூன்றாவது தடவை சொல்லும்போது, அவர் அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.