வாசகர் கேள்வி – பதில்: பிரிட்டன் தேர்தலும் நாட்டின் கடனும்

கேள்வி (மதுரை வாசகர்): 2024 ஜூலை 4 அன்று நடந்த பிரிட்டன் பொதுத் தேர்தலில் தொழிற்கட்சி 411 இடங்களைக் கைப்பற்றியது. நாட்டின் கடன் கட்டுக்கடங்காமல் போனதால்தான் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள் என்று கொள்ளலாமா?

பதில்: அப்படிக் கொள்ள முடியாது என்பதே என் கருத்து. வாக்குக் கணக்கை முதலில் பாருங்கள். 650 இடங்களில் 411ஐ வென்ற அக்கட்சிக்குக் கிடைத்த வாக்கு 33.7 விழுக்காடுதான். 2019இல் படுதோல்வி அடைந்து 202 இடங்களோடு நின்றபோதே அது 32.1 விழுக்காடு பெற்றிருந்தது. வாக்குகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் 2019இல் ஒரு கோடிக்கு மேல், 2024இல் சுமார் 97 லட்சம். அதாவது வென்றபோது கிடைத்த வாக்கு தோற்றபோது கிடைத்ததைவிடக் குறைவு. வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே பத்துப் பேரில் ஆறு பேர்தான். ஆட்சியிலிருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்கு 43.6 விழுக்காட்டிலிருந்து 23.7 விழுக்காட்டுக்குச் சரிந்ததும், அதன் பழைய ஆதரவாளர்களில் கணிசமானோர் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யுகேவுக்குச் சென்றதும்தான் முடிவைப் புரட்டிப் போட்டன. ஆட்சியிலிருந்தவர்களை வெளியேற்ற வேண்டும் என்பதில் மக்கள் உறுதியாக இருந்தார்கள். வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதில் அப்படி ஓர் ஒருமித்த கருத்து இருந்ததற்குச் சான்று இல்லை.

அப்போது அந்நாட்டின் பொதுக் கடன் ஏறக்குறைய 2.7 லட்சம் கோடி பவுண்டு. ஓர் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை இது. 1960களின் தொடக்கத்துக்குப் பிறகு கடன் இந்த விகிதத்தைத் தொட்டதில்லை. இருந்தும் தேர்தல் மேடைகளில் இது உரிய இடத்தைப் பெறவில்லை. வருமான வரி, ஓய்வூதியம் முதலியவற்றுக்காக ஊதியத்தை ஒட்டி வசூலிக்கப்படும் தேசியக் காப்பீட்டுத் தொகை, மதிப்புக் கூட்டு வரி ஆகிய மூன்றையும் உயர்த்த மாட்டோம் என்று தொழிற்கட்சி வாக்குறுதி அளித்தது. கன்சர்வேட்டிவ் கட்சியோ தொழிலாளர் செலுத்தும் தேசியக் காப்பீட்டில் மேலும் 2 விழுக்காட்டுப் புள்ளி குறைப்போம் என்றது. செலவைக் குறைப்பதா, வரியைக் கூட்டுவதா, கடனை இன்னும் பெருக்குவதா என்ற கடினமான தெரிவை இரு பெரும் கட்சிகளும் மக்களிடமிருந்து மறைக்கின்றன என்று நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். தேர்தல் காலம் முழுவதும் எடுத்துச் சொன்னது. தம்மிடம் கேட்கப்படாத ஒரு கேள்விக்கு மக்கள் வாக்குச்சீட்டில் விடை எழுதிவிட்டதாக நாம் பொருள் கொள்வது நியாயமாகாது.

கேள்வி (கும்பகோணம் வாசகி): குடும்பத் தலைவி ஒருத்தி கடன் வாங்கினால் அடைத்தே தீர வேண்டும். ஓர் அரசு மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கடன் வைத்திருப்பது எப்படி?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. குடும்பத்தில் சம்பாதிப்பவருக்கு ஒரு நாள் வயதாகும். அதற்குள் கடனை அடைத்தாக வேண்டும். அரசுக்கு அப்படி ஒரு முடிவு நாள் இல்லை. பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதிய பத்திரம் விற்று அதை அடைக்கிறது. பிரிட்டனில் இதன் வரலாறு நீண்டது. இங்கிலாந்து வங்கியே 1694இல், பிரான்சுடன் நடந்த போருக்காக அரசருக்கு 12 லட்சம் பவுண்டை 8 விழுக்காடு வட்டிக்குக் கொடுப்பதற்காகத் தொடங்கப்பட்டதுதான். முதல் உலகப் போருக்காகத் திரட்டிய கடனில் எஞ்சியிருந்த போர்ப் பத்திரங்களை 2015இல்தான் திருப்பிக் கொடுத்து முடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவிடம் வாங்கிய 375 கோடி டாலருக்கான கடைசித் தவணை 2006ஆம் ஆண்டின் இறுதியில்தான் கட்டப்பட்டது.

அந்தப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்த நிலையில், 1945இல், வாக்காளர்கள் சிக்கனம் பேசியவர்களை விட்டுவிட்டு, மருத்துவமும் வீடும் ஓய்வூதியமும் தருவதாகச் சொன்ன கிளெமென்ட் அட்லியின் தொழிற்கட்சிக்கு 393 இடங்களை அளித்தார்கள். கட்டணமில்லாத தேசிய மருத்துவச் சேவை 1948இல் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் உற்பத்தியும் விலைவாசியும் வளர வளர, கடனின் விகிதம் ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

ஆனால் இதைக் காட்டி, கடனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அசலை விட்டுவிடலாம், வட்டியை விட முடியாது. பிரிட்டனின் கடன் பத்திரங்களில் ஏறக்குறைய கால் பங்கு விலைவாசிக் குறியீட்டோடு பிணைக்கப்பட்டவை. 2022 அக்டோபரில் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டபோது அவற்றுக்கான செலவும் கூடவே ஏறியது. இப்போது ஆண்டுக்கு 10,000 கோடி பவுண்டுக்கு மேல் வட்டிக்கே போகிறது. அந்நாட்டின் பாதுகாப்புச் செலவைவிட இது மிக அதிகம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போயிருக்கக்கூடிய பணம் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கேள்வி (சென்னை வாசகர்): பிரிட்டன் இவ்வளவு பணத்தை யாரிடம் கடன் வாங்கியிருக்கிறது?

பதில்: பெரும் பகுதி தன் நாட்டு ஓய்வூதிய நிதியங்களிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும், ஒரு பெரும் பகுதி அதன் மைய வங்கியிடமே இருக்கிறது, கால் பங்குக்கு மேல் வெளிநாட்டினரிடம். ஒரு காலத்தில் நமக்கும் அது கடன்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் இந்தியாவிடமிருந்து பெற்ற பொருள்களுக்கும், இங்கு நடந்த படைச் செலவுக்கும் உடனே பணம் தராமல், லண்டனில் கணக்கில் வரவு வைத்தது. போர் முடிந்தபோது அந்த ஸ்டெர்லிங் நிலுவை சுமார் 130 கோடி பவுண்டாகப் பெருகியிருந்தது. அந்த வரவை ஈடாக வைத்து இங்கே ரூபாய் நோட்டு அச்சடிக்கப்பட்டதால் விலைவாசி தாறுமாறாக ஏறியது. ஆகவே உண்மையில் அந்தக் கடனைக் கொடுத்தவர்கள், அரிசியை மும்மடங்கு விலைக்கு வாங்க முடியாமல் தவித்த நம் ஏழை மக்கள். அவர்களுடைய சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குரிமையும் இல்லை.

கேள்வி (ஈரோடு வாசகர்): கடன் பேச்சு ஒரு தேர்தலையே தீர்மானித்த காலம் உண்டா?

பதில்: உண்டு. 2010 தேர்தலையும் 2015 தேர்தலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காப்பாற்றியதாலும், வரி வருவாய் வற்றியதாலும் 2010இல் ஆண்டுப் பற்றாக்குறை உற்பத்தியில் ஏறக்குறைய 10 விழுக்காடாகிவிட்டது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், டேவிட் கேமரூன் தலைமையில் கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் கூட்டணி ஆட்சி அமைத்தன. பதவி விலகிய தொழிற்கட்சி அமைச்சர் லியம் பைர்ன், தமக்குப் பின் வருபவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். பணம் எதுவும் இல்லை என்று வருத்தம் தெரிவித்து, நல்வாழ்த்துக் கூறும் ஒற்றை வரிச் சீட்டு அது. பதவி விலகும் அமைச்சர் இப்படிப் பரிகாசமாக எழுதி வைப்பது அங்கே பழைய வழக்கம்தான். 1964இல் ஒரு கன்சர்வேட்டிவ் நிதியமைச்சரும் இதே போன்ற ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் வேலை இழந்து நின்ற மக்களின் கண்ணில் அது பரிகாசமாகப் படவில்லை.

அடுத்த ஐந்து ஆண்டுகளும் கேமரூன் அந்தச் சீட்டைக் கையோடு வைத்திருந்தார் என்றே சொல்லலாம். 2015 ஏப்ரல் 30 அன்று லீட்ஸ் நகரில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதை எடுத்துக் காட்டினார். அதே மேடையில், முந்தைய தொழிற்கட்சி அரசு அளவுக்கு மீறிச் செலவு செய்ததா என்று கேட்கப்பட்டபோது அப்போதைய தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபான்ட் இல்லை என்று பதில் சொன்னார். அரங்கில் இருந்தவர்கள் முணுமுணுத்து எதிர்ப்புக் காட்டினார்கள். ஒரு வாரத்தில் நடந்த தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தனித்தே பெரும்பான்மை பெற்றது. நெருக்கடிக்கு முன் பிரிட்டனின் கடன் மற்ற வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டால் பெரிதாக இல்லை என்பது மிலிபான்டின் வாதம். புள்ளிவிவரப்படி அதில் உண்மை உண்டு. ஆனால் அதை அவர் ஐந்து ஆண்டுகளாக விளக்கிச் சொல்லாமல் விட்டுவிட்டுக் கடைசி வாரத்தில் சொன்னார். மறுபுறம், சிக்கன ஆட்சி நடந்த அந்த ஐந்து ஆண்டுகளில் பற்றாக்குறை பாதியாகக் குறைந்ததே ஒழிய, மொத்தக் கடன் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்காக உயர்ந்தது. பற்றாக்குறை என்பது இந்த ஆண்டு புதிதாக வாங்கும் கடன், கடன் என்பது அதுவரை சேர்ந்த மொத்தம் என்ற எளிய வேறுபாட்டை அரசியல்வாதிகள் தெளிவாகச் சொல்லியிருந்தால் மக்கள் வேறு விதமாகவும் எடை போட்டிருப்பார்கள். கல்விக் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்று உறுதி கூறிவிட்டு, அதை ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்த்தத் துணை போன லிபரல் டெமாக்ரட் கட்சியின் 57 இடங்கள் 8ஆகச் சுருங்கின. கடனைக் குறைக்கும் பெயரில் அந்தச் சுமை இளைஞர்களின் சொந்தக் கடனாக மாற்றப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): லிஸ் டிரஸ் 49 நாள்தான் பிரதமராக இருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்த தேர்தலில் மக்கள் அதை நினைவில் வைத்திருந்தார்களா?

பதில்: நினைவில் வைத்திருந்தார்கள், மாதந்தோறும் வங்கி அவர்களுக்கு நினைவூட்டியது. 2022 செப்டம்பர் 23 அன்று அவருடைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங், எங்கிருந்து ஈடுகட்டப் போகிறோம் என்று சொல்லாமலேயே சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். கடன் கொடுப்பவர்கள் அஞ்சி அரசுப் பத்திரங்களை விற்றார்கள்; பத்திரங்களின் விலை வீழ, அவற்றை நம்பியிருந்த ஓய்வூதிய நிதியங்கள் தள்ளாடின; ஐந்தாம் நாள் இங்கிலாந்து வங்கி தலையிட்டு நீண்ட காலப் பத்திரங்களை வாங்கத் தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுக்கு நிலையான வட்டியில் கொடுக்கப்படும் வீட்டுக் கடனின் வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டியது. உலகெங்கும் வட்டி ஏறிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மற்றவர்களுக்குப் படிப்படியாக வந்தது பிரிட்டனுக்குச் சில நாள்களில் வந்து சேர்ந்தது.

அங்கே பெரும்பாலோர் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு வட்டியை நிலைநிறுத்தி வீட்டுக் கடன் வாங்குகிறார்கள். ஆகவே அடி எல்லோர்மீதும் ஒரே நாளில் விழவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் ஒப்பந்தமும் முடிய முடிய, 2023இலும் 2024இலும் புதிய தவணைத் தொகை கடிதமாக வந்துகொண்டே இருந்தது. லட்சம் கோடி என்ற எண்ணை எவராலும் மனக்கண்ணில் காண முடியாது; மாதம் முந்நூறு பவுண்டு கூடுதல் என்றால் சமையலறை மேசையில் உட்கார்ந்து எதைக் குறைப்பது என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். 2019இல் தென்மேற்கு நார்ஃபோக் தொகுதியில் 26,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற டிரஸ், 2024இல் 630 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

கேள்வி (லண்டன் ஹாரோ வாசகர்): புதிய அரசும் வந்தவுடன் முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவியில் கை வைத்தது. இது தேவைதானா?

பதில்: தேவையில்லை என்றே கருதுகிறேன். 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், முந்தைய அரசு 2,200 கோடி பவுண்டு பள்ளத்தை மறைத்து வைத்துவிட்டுப் போயிருப்பதாகக் கூறி, ஒரு குடும்பத்துக்கு 200 அல்லது 300 பவுண்டாக வழங்கப்பட்டு வந்த அந்த உதவியை, மிகக் குறைந்த வருமானத்துக்கான ஓய்வூதிய உதவித்தொகை பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அதை இழந்தார்கள். வசதியான ஓய்வூதியருக்கும் அரசு எதற்காக எரிபொருள் பணம் தர வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரம்பு வாரம் 218 பவுண்டை ஒட்டி இருந்ததால், அதற்குச் சற்று மேலே வாழ்கிற, கணப்பை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிற முதியவரும் வசதியானவர் கணக்கில் சேர்ந்தார். உரிமை இருந்தும் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களும் ஏராளம். தேர்தல் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 2.7 லட்சம் கோடிக் கடனுக்கு முன்னால் இதில் மிச்சமாகும் தொகையோ ஆண்டுக்குச் சுமார் 150 கோடி.

அக்டோபர் 30 அன்று வந்த வரவுசெலவுத் திட்டம் ஆண்டுக்கு 4,000 கோடி பவுண்டு அளவுக்கு வரியை உயர்த்தியது. அதில் பெரும் பங்கு முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டை 13.8 விழுக்காட்டிலிருந்து 15 ஆக்கியதால் வந்தது. தொகையில் அது பல மடங்கு பெரியது. ஆனாலும் வீடு வீடாக வாக்குக் கேட்கச் சென்ற கட்சித் தொண்டர்களிடம் மக்கள் எரிபொருள் உதவியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். 2025 மே 1 அன்று ரன்கார்ன்–ஹெல்ஸ்பி தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. பத்து மாதங்களுக்கு முன் தொழிற்கட்சி 14,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற அந்த இடத்தை ரிஃபார்ம் யுகே 6 வாக்கு வித்தியாசத்தில் கைப்பற்றியது. அடுத்த மாதமே, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்படாத ஓய்வூதியர் அனைவருக்கும் உதவி மீண்டும் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது.