வாசகர் கேள்வி – பதில்: ஆபத்துக்கு உதவும் கைகளும் நிவாரணப் பணமும்

கேள்வி: புயல், வெள்ளம் என்று செய்தி வந்தவுடன் எங்கள் தெருவில் துணிமணியும் அரிசியும் திரட்டி லாரியில் அனுப்புவது வழக்கம். பணமாகவே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். அரசிடம் தனி நிதி இருக்கும்போது நாம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார் கொழுந்தனார். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், பள்ளத்தூர்

பதில்: உங்கள் கணவர் சொல்வதே பெரும்பாலும் சரி. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பிறகு நாகப்பட்டினம் பகுதிக்கு வந்து சேர்ந்த பழைய துணிகள், எடுப்பாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்துவதே உள்ளூர்ப் பணியாளர்களுக்குத் தனிச் சுமையாயிற்று. பொருளாகத்தான் அனுப்ப வேண்டும் என்றால், அங்குள்ளவர்களிடம் என்ன தேவை என்று கேட்ட பிறகே லாரியை எடுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பவை தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, குடிநீர், பால் பவுடர், பெண்களுக்கான நாப்கின் போன்றவைதாம்.

கொழுந்தனாரின் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பேரிடர் நிவாரண நிதி உண்டு. தமிழகம் போன்ற மாநிலங்களில் அதில் 75 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் இடுகின்றன. அது உடனடித் துயர் துடைப்புக்கான பணமே தவிர, இழந்ததற்கு ஈடு அன்று. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்பதுபோல, எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்பதை மத்திய அரசு முன்கூட்டியே வரையறுத்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், நமக்கு அண்டையில் உள்ள பேராவூரணி, ஆலங்குடி வட்டாரங்களில் சாய்த்துப் போட்ட தென்னைகளை நினைத்துப் பாருங்கள். நெட்டைத் தென்னங்கன்று காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும் என்னும்போது, மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுக்கும் தொகை அத்தனை ஆண்டு வருமானத்தை எப்படி ஈடு செய்யும்? அந்த இடைவெளியில்தான் நாம் கொடுக்கும் பணத்துக்கு வேலை இருக்கிறது. ஆகவே, முதல் வாரத்தோடு நிறுத்திவிடாமல், ஊடகங்கள் அந்த ஊர்களை மறந்துவிட்ட ஆறாம் மாதத்திலும் ஒரு பகுதியைக் கொடுங்கள் என்று உங்கள் தெருவாரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அளிக்கும் தொகைக்குப் பழைய வரி முறையில் முழு வரிவிலக்கு உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்துங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரும் என்று அஞ்சி எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். இந்த அச்சம் நியாயமானதா?
– வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: முன்பு நியாயமாக இருந்தது, இப்போது இல்லை. உதவுவோருக்கான பாதுகாப்பு நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவியவர்மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்கிறது. பெயரையும் முகவரியையும் சொல்லும்படி உங்களை யாரும் வற்புறுத்த முடியாது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகள் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கின்றன. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் இது பொருந்தும். எனவே 108ஐ அழையுங்கள்; இரத்தம் பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்; தண்ணீர் புகட்டாதீர்கள்; கழுத்தைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கென்று ஓர் ஆபத்து நிதி வைத்துக்கொள்ள இளைஞர்கள் சிலர் எண்ணியிருக்கிறோம். அரசுப் படைகள் இருக்கும்போது இது தேவையா?
– வாசகர் ஒருவர், புதுவயல்

பதில்: மிகவும் தேவை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் தமிழக முகாம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து நம் ஊர் 350 கிலோமீட்டருக்கும் மேல். கண்மாய்க் கரையில் உடைப்பு எடுக்கும் இரவில் அவர்கள் வந்து சேரும்வரை இருக்கப்போவது நீங்கள்தாம். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று மக்களைக் கரை சேர்த்தார்கள். யார் எங்கே போவது என்று முன்பே வகுத்து வைத்திருந்தால் இன்னும் எத்தனை பேரை எட்டியிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

பணம் திரட்டுவது உங்களுக்குப் புதிதன்று. வணிகத்தில் மகமை என்று அறப்பணிக்கு ஒரு பங்கு எடுத்ததும், மணமான தம்பதியரின் குடும்பத்தை ஒரு புள்ளியாக எண்ணி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி வைத்துக் கோயிலும் ஊருணியும் பராமரித்ததும் இந்தச் செட்டிநாட்டு மண்ணின் வழக்கம். அதே முறையில் புள்ளிக்கு ஒரு சிறு தொகை வைத்து வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். முதலில் வாங்க வேண்டியவை கயிறு, லாரி ட்யூப், டார்ச், காலிச் சாக்குகள். ஊருணிப் படித்துறையில் கயிறும் ட்யூபும் எப்போதும் இருக்கட்டும். தவறி விழுந்த பிள்ளையைக் காப்பாற்ற நீச்சல் அறியாதவர் குதித்து, இருவரையும் இழந்த துயரம் நம் பக்கத்தில் போதும் போதும் என்னும் அளவுக்கு நடந்திருக்கிறது.

அடுத்தது பட்டியல். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முகப்பில் தட்டினால் உள்கட்டில் இருப்பவருக்குக் கேட்காத பெரிய வீடுகளில் ஆச்சிகள் தனியாக வாழ்கிறார்கள். அத்தகைய வீடுகள் எவை, அவற்றின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, டிராக்டரும் ஜேசிபியும் யாரிடம் உள்ளன, யாருக்கு நீந்தத் தெரியும் என்று எழுதி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் அதே தாளில் இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து ஒரு நாள் செயல்முறைப் பயிற்சி நடத்தித் தரச் சொல்லுங்கள். பட்டியலைப் புரட்டாசி முடிவதற்குள் திருத்தி, வரவு செலவுக் கணக்குடன் சேர்த்துக் கோயில் வாசலில் ஒட்டிவிடுங்கள். ஐப்பசி மழை பிறகு அவகாசம் தராது.