ஐஸ் ஹொக்கி ரீமுக்கு மனசு பார்க்க ஒரு ஆளா?

கேள்வி: ரொறொன்ரோவில இருக்கிற என்ட தம்பி சொல்றான், அங்க ஐஸ் ஹொக்கி ரீமுகளுக்கு விளையாட்டு உளவியல் ஆலோசகர் எண்டு தனியா ஆள் இருக்காம். அதெல்லாம் விசருக்குத்தானே? என்ட மகன் இஞ்ச கிளப்ல புட்போல் கோல் கீப்பர், ஒரு கோல் விழுந்தா போதும், மறுகா வாறதெல்லாம் உள்ளதான். அவனுக்கும் இது சரிவருமா?
– ஒரு அம்மா, ஆரையம்பதி

பதில்: விசருக்கு இல்ல அக்கா. என்எச்எல் எண்ட வட அமெரிக்காட பெரிய ஐஸ் ஹொக்கி லீக்ல ஒரு சீசனுக்கு 80க்கு மேல மெச், பாதி வெளியூர்ல. ஐஸ்ல இறங்கினா முக்கால் நிமிசம் போல ஓடிட்டு பெஞ்சில வந்து குந்தணும், பிழை விட்டவன் அங்க இருந்து அதையே நினைச்சு வேகுவான். கீப்பருக்கு அந்தப் பெஞ்சும் இல்ல, 6 அடி அகலம் 4 அடி உயர வலைக்கு முன்னால தனிய நிக்கணும்.

ஆலோசகர் எண்டா மெச்சுக்கு முதல் வீரவசனம் பேசுறவர் எண்டு நினைக்காதீங்க, அது கோச்சுட வேலை. இவர் பஸ்லயும் சாப்பாட்டு மேசையிலயும் சும்மா கதைச்சுத்தான் பொடியன்மார்ட நம்பிக்கைய எடுக்கணும், ஏனெண்டா இவருக்குச் சம்பளம் குடுக்கிறது கிளப், சொன்னது கோச்சுட காதுக்குப் போனா அடுத்த மெச்சில வெளிய இருத்திடுவாங்களோ எண்டு அவங்களுக்குப் பயம். அதால எது வெளிய போகும் எது போகாது எண்டு முதலே ரெண்டு பக்கத்துக்கும் சொல்லிடணும், இல்லாட்டி மிச்சமெல்லாம் வீண்.

பிரேடன் ஹோல்ட்பி எண்டு ஒரு கீப்பர், 2018ல வாஷிங்டன் கப்பிடல்ஸ் ரீம் அந்த லீக்ட சம்பியன் கப்பான ஸ்டான்லி கப் அடிக்கக்க வலையில நிண்டவர், யூடியூப்ல மகனுக்குக் காட்டுங்க. ஆட்டம் நிண்ட நேரம் போத்தல் தண்ணிய மேல பீச்சி அதுல ஒரே ஒரு துளிய மட்டும் கண்ணால பிடிச்சுப் பார்ப்பார், ஜோன் ஸ்டீவன்சன் எண்ட உளவியலாளரோட வேலை செஞ்சவர். தண்ணியாலதான் கப் எண்டு நான் சொல்ல வரல்ல. விழுந்த கோல்லயே கிடக்கிற கவனத்த இப்பத்தய பந்துக்கு இழுத்துட்டு வாற பழக்கம் அது.

மகனும் ஒண்டு வச்சுக்கட்டும், கிளவுஸ் பட்டிய கழட்டி இறுக்குறது, மூச்ச நீளமா விடுறது, மறுகா டிபென்ஸ் பொடியன பேர் சொல்லிக் கூப்பிடுறது. பிராக்டிஸ்லயும் கோல் விழுற ஒவ்வொரு தடவையும் செய்யணும், மெச்சில மட்டும் செஞ்சா வராது. லைனுக்கு வெளிய நிண்டு "கண் தெரியாதாடா" எண்டு கத்துற மாமாமாரையும் கொஞ்சம் அடக்கி வைங்க. நித்திரை சாப்பாடு இல்லாம நாள்க்கணக்கா கிடந்தா அது வேற விசயம், போதனா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்க, அதுக்கும் வெட்கப்படத் தேவையில்ல.